‘முழுவதும்’ என்றால் எவ்வளவு?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். பராமரிப்புக் கட்டணம் 3,000 ரூபாயில் 1,500 மட்டும் கட்டியிருந்த ஒருவருக்கு, ‘கட்டணம் முழுவதும் செலுத்தப்படவில்லை’ என்று கடிதம் கொடுத்தேன். ஒரு ரூபாய்கூடக் கட்டாதவன்போல எழுதிவிட்டீர்களே என்று அவர் கோபித்துக்கொண்டார். நான் எழுதியது தவறா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாங்கள் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

‘முழுதென் கிளவி எஞ்சாப் பொருட்டே’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். மிச்சம் வைக்காததே முழுது. ‘முழுதும்’, ‘முழுவதும்’ இரண்டும் சரியான வடிவங்களே.

சிக்கல் அச்சொல்லின் ஈற்றிலுள்ள ‘உம்’மில் இருக்கிறது. ஒன்றும் விடாமல் சுட்டும் இந்த முற்றும்மை, எதிர்மறை வினையோடு சேரும்போது மிச்சத்துக்கு இடம் கொடுத்துவிடுவதுண்டு. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம் அல்லவா? இதைத்தான் நன்னூல் ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்றது. தாங்கள் எண்ணியதும் இந்தப் பொருளையே.

ஆனால் ‘ஒரோவழி’ என்பதை விட்டுவிடக் கூடாது; சிற்சில இடங்களில் மட்டுமே அப்படி ஆகும். ‘புத்தகம் முழுவதும் படிக்கவில்லை’ என்பவர் கொஞ்சமாவது படித்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிற நாம், ‘இரவு முழுவதும் தூங்கவில்லை’ என்பவர் பாதி இரவு தூங்கினார் என்று நினைப்பதில்லை. ‘ஊர் முழுவதும் மின்சாரம் இல்லை’ என்றால் ஒரு தெருவிலும் விளக்கு எரியவில்லை என்றே பொருள். காலத்தையும் இடத்தையும் சொல்லும்போது ‘முழுவதும்’ அந்தப் பரப்பின் மீது படர்ந்து நிற்க, இல்லாமை அதன் மூலைமுடுக்கெல்லாம் பரவிவிடுகிறது. தங்கள் கடிதத்தை அவர் அந்த இரவைப் போலப் படித்திருக்கிறார், தாங்களோ புத்தகத்தைப் போல எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் குரலின் அழுத்தமே பொருளைப் பிரித்துக் காட்டியிருக்கும். தாளில் அதற்கு வழியில்லை.

‘முழுமையாகச் செலுத்தப்படவில்லை’ என்று மாற்றினால் குழப்பம் பெருமளவு குறையும். என்றாலும், பணம் தொடர்பான கடிதத்தில் எதிர்மறையையே தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து: ‘3,000 ரூபாயில் 1,500 ரூபாய் பெறப்பட்டது, எஞ்சிய 1,500 ரூபாயை இம்மாத இறுதிக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம்.’