'போரிங்' என்பவரைத் திருத்த ஒரு குறுக்குவழி

உங்கள் மெக்ஸிகோ மாணவி, வகுப்பில் போரடித்தால் "ஐ ஆம் போரிங்" என்கிறார், எத்தனை தடவை திருத்தினாலும் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் போரடித்துப்போனவர் 'போர்ட்' (bored), பிறரைப் போரடிப்பவர் 'போரிங்' (boring); ஸ்பானிஷில் இரண்டுக்கும் 'அபுர்ரீதா' என்ற ஒரே சொல்தான் (ஆண் என்றால் அபுர்ரீதோ), வித்தியாசம் முழுக்க வினையில் இருக்கிறது: 'எஸ்தோய் அபுர்ரீதா' என்றால் எனக்குப் போரடிக்கிறது, 'சோய் அபுர்ரீதா' என்றால் நானே ஒரு போர். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'ஆம்' ஒன்றே என்பதால், அந்த வேலையைச் சொல்லின் வால்தான் (-ed, -ing) செய்யவேண்டியிருக்கிறது.

அதனால் இலக்கண விதியை விடுங்கள். முதலில் ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள். 'எஸ்தோய்' வந்தால் 'போர்ட்', 'சோய்' வந்தால் 'போரிங்'. 'டயர்ட்', 'டயரிங்' ஜோடிக்கும் இது ஓடும். 'இன்ட்ரஸ்டிங்'கில் அவ்வளவு தடுமாற மாட்டார், அங்கே ஸ்பானிஷிலேயே தனித்தனிச் சொல் உண்டு.

அப்புறம், 'சென்சிபிள்' (ஆங்கிலத்தில் விவேகமான) வந்தால் உஷார். ஸ்பானிஷ் 'சென்சீப்லே' என்பது ஆங்கிலத்தில் 'சென்சிடிவ்'. விவேகமானவருக்கு அவர்கள் சொல்வது 'சென்சாதோ'. என்னிடம் படித்த ஒருவர் தன் தோல் ரொம்ப 'சென்சிபிள்' என்றார். விவேகமுள்ள தோல், கொடுத்துவைத்தவர்!