அத்தை மகனின் பைக்கும் உங்கள் வங்கி வேலையும்

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19,000 ரூபாய் சம்பளம். ஐபிபிஎஸ் எழுத்தர் தேர்வில் தேறி, பொதுத்துறை வங்கி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேர இரண்டு மாதம் ஆகலாம். முன்பு அத்தை மகனுக்காக என் பெயரில் பைக் கடன் வாங்கினேன். அவன் ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. 38,000 கட்டினால் செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்கிறது கடன் நிறுவனம். 8,000 ரூபாய் கொடுத்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இதற்கிடையே, மாமாவின் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் அம்மா. வேலை போய்விடுமா?

பதில்: இன்னும் போகவில்லை. ஆனால் அந்த செட்டில்மென்டுக்குத் தலையாட்டினால் ஆபத்தை நீங்களே விலைக்கு வாங்குகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய சிபில் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம் வீதம் இருப்பதைப் பாருங்கள். 000 என்றால் நாள் தவறாமல் கட்டியது. உங்கள் கட்டங்கள் 000, 000 என்று நன்றாகத்தான் போகின்றன. பிறகு 029, 060, 091, 121. கட்டாமல் நிற்கும் தவணைகளில் மிகப் பழையது எத்தனை நாள் தாமதம் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். பைக்கை ஓட்டியது யார் என்று எழுத அந்த அறிக்கையில் இடமே இல்லை. பெயர் உங்களுடையது, கடனும் உங்களுடையதுதான்.

ஐபிபிஎஸ் அறிவிப்பை மறுபடியும் எடுத்துப் படியுங்கள். ஓர் ஆண்டு, குறைந்தது 650 ஸ்கோர் வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். பிறகு அந்த எண்ணை நீக்கிவிட்டார்கள். நிபந்தனை நீங்கவில்லை. பணியில் சேரும் நாளுக்குள் சிபில் பதிவு சரியாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், பாக்கி எதுவும் இல்லை என்று கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். தராவிட்டால் பணி ஆணையை ரத்து செய்யலாம். ஸ்டேட் வங்கி தனியாக ஆள் எடுக்கிறது, அங்கே பிடி இன்னும் இறுக்கம். கடனை எல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்று வாதாடிய ஒருவரின் பணி நியமனத்தை அந்த வங்கி ரத்து செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுபவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் பார்வை.

இப்போது கணக்கு. தவணை 3,400. நின்றுபோன ஐந்துக்கு 17,000. இன்னும் வர வேண்டிய பதின்மூன்றுக்கு 44,200. முன்கூட்டியே முடித்தால் வரவிருக்கும் வட்டி கழியும், தாமதக் கட்டணம் கூடும். ஏறக்குறைய 58,000 ஆகும் என்று வையுங்கள். செட்டில்மென்டில் 20,000 மிச்சம். ஆனால் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். கொடுத்தவர் ஒரு பகுதியை இழந்தார் என்று படிக்கிறவர்களுக்குப் புரியும். வங்கி எழுத்தரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 24,050. ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவான தொகைக்காக முப்பது வருட வேலையைப் பணயம் வைக்கலாமா?

முழுத் தொகையையும் கட்டுங்கள். சேமிப்பில் 30,000 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மீதிக்கு அம்மாவின் நகையை வங்கியில் அடகு வையுங்கள். 28,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றாலும் மாதம் 235 ரூபாய்க்குள்தான். கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். ஒரு கறையைத் துடைக்க இன்னொரு கடனா?

ஸ்கோர் ஏற்றித் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் காசே தேவையில்லை. பணம் கட்டிய அன்றே தடையில்லாச் சான்றையும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ஐயும் கேட்டு வாங்குங்கள். கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிபிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகும் மாறவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.

பைக் விஷயத்தில் தயங்காதீர்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில். காப்பீடு இல்லாமல் அவன் யார் மீதாவது மோதினால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். சாவியை வாங்குங்கள், கடன் முடிந்ததும் விற்று நகையை மீட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் அவனே முழு விலை கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளட்டும்.

உங்களுக்குக் கேடு செய்வது இந்த ஒரு கடன் அல்ல. உறவு கேட்டால் பெயரைக் கொடுத்துவிடும் பழக்கம். மாமாவின் ஜாமீனும் அதே வகைதான். அவர் தவறினால் அதுவும் உங்கள் அறிக்கையில் ஏறும். அம்மாவைத் தூது அனுப்பாமல் நீங்களே நேரில் போய், வங்கியில் சேரப்போகிறேன், எந்தக் கடனிலும் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவசரம் என்றால், சம்பளம் வந்த பிறகு உங்களால் முடிந்த ஐயாயிரத்தைக் கையில் கொடுங்கள், திரும்பி வராது என்று எண்ணியே கொடுங்கள்.