ஜட்கா வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: காட்பாடி ரயிலடியில் ஜட்கா ஏறினால் ‘முன்னால வாங்க, பின்னால தள்ளுங்க’ என்று வண்டிக்காரர் ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைப்பாராம். எதற்கு? (வாசகி, ஆம்பூர்)

ப: ஜட்கா என்பது ஒற்றைக் குதிரை இழுக்கும் வண்டி, சக்கரம் இரண்டுதான். அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் ஏர்க்கால் (குதிரையைப் பூட்டும் நீள மரம்) தாழ்ந்து, சேணம் குதிரையின் முதுகை அழுத்தும். தினமும் அப்படியே ஓட்டினால் தோல் உரிந்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், வயிற்றுவார் இறுகும், குதிரையால் காலூன்றி இழுக்க முடியாது. வழுக்கி விழுவதும் உண்டு. ஆள் ஏறியதும் வண்டிக்காரர் ஏர்க்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கைக்கு லேசாகக் கனத்தால் சரி. மேடு வந்தால் பாரம் பின்னால் போகும், அப்போது முன்னால் நகரச் சொல்வார். இறக்கத்தில் பின்னால். குண்டான ஆள் ஏறினால் முதல் அதட்டல் அவருக்குத்தான்!

கே: குதிரைக்குக் கொள்ளை அப்படியே வைக்கலாமா? (வாசகர், குடியாத்தம்)

ப: வேண்டாம். இரவே ஊறவைத்து, காலையில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுத் தவிட்டோடு பிசைந்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்க ரொம்பச் சின்னது. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. காய்ந்த கொள்ளு உள்ளே போய் ஊதினால் வெளியேற வழியில்லை. முன்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் வயிற்றுவலிக்கு அடையாளம். தீனியை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். கொள்ளு எவ்வளவு கொடுத்தாலும் புல்லுக்கு ஈடாகாது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளுக்குச் சுமார் 5 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும்.

கே: கோடையில் மட்டும் சக்கரம் கடகடவென்று ஆடுகிறதே? (வாசகர், வேலூர்)

ப: நம்மூர் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். வட்டையும் (சக்கரத்தின் மர விளிம்பு) ஆரக்காலும் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கட்டைகள்) இளகி, இரும்புப் பட்டை தளர்ந்துபோகும். சக்கரத்தைக் கழற்றி ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் தற்காலிகமாக இறுகும். அதற்கும் கேட்காவிட்டால் பட்டையை வெட்டிக் குறுக்கி, பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்க வேண்டும். ஆப்பு அடித்து ஓட்டுவது ஆபத்து.

கே: வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்? (வாசகர், ஆற்காடு)

ப: 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி, ஓட்டுநரையும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் சேர்க்காமல் 4 பேர். வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை குதிரையை வண்டியில் பூட்டக்கூடாது. வேலூரில் மே மாதம் பெரும்பாலும் அப்படித்தான்!