தகரம், செம்பு, மழைத்தண்ணீர்: கேள்வி பதில்

(தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்த்த நான், இப்போது உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறேன். வந்த கேள்விகளுக்கான பதில்கள்.)

அட்டன் மாணவி: சேர், அனோட்டு நேரா, மறையா?

தங்கச்சி, குறியைப் பாடமாக்க வேண்டாம். ஒட்சியேற்றம், அதாவது இலத்திரனை இழப்பது, நடக்கும் இடம் அனோட்டு, எதிர்ப்பக்கம் கதோட்டு. அது எங்கும் மாறாது. நாகமும் (துத்தநாகம்) செம்பும் கொண்ட டானியல் மின்கலத்தில் நாகம் தானாகக் கரைந்து இலத்திரன்களைத் தகட்டிலே விட்டுப் போகிறது, அதனால் மறை. மின்பகுப்பில், அதாவது மின்னைச் செலுத்திப் பொருளைப் பிரிக்கும்போது, வெளி பேட்டரி இலத்திரன்களை இழுத்தெடுக்கிறது, அதனால் நேர்.

நுவரெலியா: பங்களாக் கூரைத் தகரத்தில் கீறல் பட்ட இடம் துருப்பிடிக்கவில்லை. சுடுதண்ணீர் டேங்கின் செம்புக் குழாய் சொட்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. ஏன்?

நல்ல கேள்வி. பெயர்தான் தகரம், மேலே இருப்பது நாகப் பூச்சு. நியம மின்வாய் அழுத்தம் நாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34. இரண்டு உலோகம் சேர்ந்தால் எண் குறைந்ததுதான் கரையும். ஈரத்தில் நாகமும் இரும்பும் சேர்ந்திருந்தால் நாகம் அனோட்டாகிக் கரையும், இரும்பு தப்பும். கீறலைக் காப்பாற்றியது அதுதான். பிஸ்கட் டின்னில் இருப்பது வெள்ளீயம், −0.14. அதில் கீறல் விழுந்தால் இரும்புதான் முதலில் போகும்.

இனிச் சொட்டு. குழாயில் நின்ற தண்ணீர் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தகரத்தில் விழுந்ததும் அந்தச் செம்பு அயன்கள் நாகத்தின் மேல் படிகின்றன. படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு கதோட்டு, சுற்றியுள்ள நாகம் அதற்கு இரை. கிட்டப் போய்ப் பாருங்கள்: விரல்நகமளவு கறுப்பு, ஓரத்தில் வெள்ளைப் பொடி, நடுவில் ஊசித்துளை. செம்பைத் தொட்ட தண்ணீரைத் தகரத்தில் விடாதீர்கள்.

மஸ்கெலியா: தகரத்துக்குப் பெயின்ட் அடித்தால் போதுமா?

உதவும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நாகத்துக்கான பிரைமர் பூசிய பிறகு அடியுங்கள். செம்புத் தண்ணீர் விழக்கூடாது.

பதுளை: பெயின்ட் அடித்தால் ஓட்டை விழாதா?

மேலே சொல்லிவிட்டேன்.

பண்டாரவளை, பைப் வேலை செய்பவர்: இரும்பும் பித்தளையும் சேர்ந்தால் கரைவது இரும்பு. ஒன்றுக்குத்தான் பெயின்ட் என்றால் அது இரும்புக்குத்தானே?

இல்லை அண்ணன், பித்தளைக்கு. பெயின்டில் எப்படியும் ஒரு கீறல் விழும். பித்தளை முழுவதும் கதோட்டாக இருக்க, அந்தக் கீறல் மட்டும் அனோட்டு. மொத்த மின்னோட்டமும் அங்கேதான் இறங்கும்.

பண்டாரவளை: இருபது வருசமாக இரும்புக்குத்தான் அடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே.

காய்ந்த இடமென்றால் ஆகாது, மின்பகுபொருள், அதாவது மின்னைக் கடத்தும் ஈரம், இல்லையே. நான் பார்த்தது இரும்புத் தண்ணீர்த் தொட்டி, பித்தளை வால்வு. உள்ளே முழுக்கப் பெயின்ட், வால்வுக்குப் பக்கத்தில் ஸ்பானர் பட்டு அரிசியளவு கீறல். மற்றத் தகடெல்லாம் புதிதுபோல இருக்க, அந்த அரிசியளவு இடம் மட்டும் துளைந்து தண்ணீர் பீறியது. அந்தப் பெயின்டை அடித்தவனே நான்தான். இரண்டுக்கும் அடியுங்கள், மிகவும் நல்லது. இரும்புக்கு மட்டும் அடிக்காதீர்கள்.

கொட்டகலை: கீசருக்குள் ஒரு கோல் இருக்கிறதாமே?

எனாமல் பூசிய இரும்புத் தொட்டியென்றால் பெரும்பாலும் மகனீசியக் கோல், −2.37 வோல்ட். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். மெலிந்து கம்பி தெரிந்தால் மாற்றுங்கள்.

பதுளை: செம்புக் குழாய்க்குக் கீழே தகரத்துக்கு இரண்டு கோட் பெயின்ட்...

தம்பி, குழாயைத் திருப்புங்கள்.

பண்டாரவளை: சரி, இரும்பும் பித்தளையும் தொடாமலே பூட்ட வழி உண்டா?

உண்டு. குழாய் இணைப்பில் நைலோன் துண்டு போடுங்கள். பிளேட் இணைப்பென்றால் ரப்பர் வாசர் மட்டும் போதாது, போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டும். போல்ட் வழியாக உலோகம் தொட்டுக்கொண்டால் வாசர் வீண்.