கேமராவுக்கு என்ன தெரியும்?

புதிதாகக் கேமரா கையில் எடுத்தவர்களின் கடிதங்களை இந்த இதழுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒரு கடிதம் மட்டும் இங்கே இருக்கிறது. ‘எந்த மாடல் வாங்கலாம்?’ என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் எழுதி, அது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த மாடலுக்குத் தம்பி பிறந்திருப்பான்.

கேள்வி: மிரர்லெஸ் கேமரா வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. இன்னும் ஆட்டோவில்தான் எடுக்கிறேன். ‘மேனுவலில் எடுப்பவன்தான் போட்டோகிராஃபர்’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். மாறிவிடட்டுமா? – கல்லூரி மாணவி

பதில்: அந்த நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். மேனுவலில் ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஒளி உள்ளே வரும் நேரத்தை, எதைப் பார்த்து வைக்கிறார்கள்? திரையில் தெரியும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் அளவு நடுவில் வந்து நிற்கும்வரை டயலைத் திருப்புகிறார்கள் என்றால், ஆட்டோவும் அதையேதான் செய்கிறது. அவர்களைவிட வேகமாகவும் செய்கிறது.

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மீட்டர் எப்படி யோசிக்கிறது என்பதைத்தான். கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது வெள்ளைச் சுவரா, கறுப்பு நாயா என்று தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் உள்ளே எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதுதான். காட்சியில் உள்ள எல்லாவற்றையும் கலந்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வரும் என்று அது ஊகித்துக்கொண்டு, அதற்கேற்ற எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவை, வைக்கிறது. இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் அடிப்படை ஊகம் அதுதான்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாள் ஒன்றைப் படம் முழுக்க நிரம்பும்படி எடுங்கள். அப்புறம் கறுப்புத் துணி ஒன்றை அதே மாதிரி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருக்கும். பனிமலைக்குப் போய்வந்தவர்களின் படங்களில் பனி அழுக்காகத் தெரிவதும், இருட்டுப் பின்னணியில் நிற்பவரின் முகம் வெளிறிப்போவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து உங்கள் கேமராவிலேயே இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறிகள் சேர்ந்திருக்கும் பொத்தான் அல்லது டயல். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். வெள்ளை அதிகமுள்ள காட்சியில் +1 வைத்தால் கேமரா இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், தாள் வெள்ளையாகும். கறுப்பு அதிகமென்றால் -1. ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் நிழலுருவமாகத் தெரிகிறாரா? +1, போதாவிட்டால் +2. இந்த ஒரு டயலை யோசிக்காமல் திருப்பப் பழகிவிட்டால், கேலி செய்யும் நண்பர்களில் பாதிப் பேரை நீங்கள் தாண்டிவிடுவீர்கள்.

முழு ஆட்டோவில் இந்த டயல் பல கேமராக்களில் வேலை செய்யாது. அதனால் ‘ஏ’ மோடுக்கு வாருங்கள். கேனனில் அது ‘ஏவி’. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, நீங்கள் வைப்பீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எண் சின்னதானால் துளை பெரிது என்பது ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். அது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 50-ல் பாதி, 25 மி.மீ. எஃப் 8 என்றால் எட்டில் ஒன்று, சுமார் 6 மி.மீ. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம் கூடும். ஒருவரின் முகம் மட்டும் போதுமென்றால் எஃப் 2.8 பக்கம் போங்கள். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பம் என்றால் எஃப் 8.

மேனுவல் தேவைப்படும் இடங்கள் உண்டு. வெளிச்சம் மாறாமல் பின்னணி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்போது, நட்சத்திரங்களை எடுக்கும்போது, ஸ்டுடியோ ஃப்ளாஷ் வைக்கும்போது. மற்ற நேரங்களில் என் கேமரா ‘ஏ’-வில்தான் இருக்கிறது. யாரும் வந்து என் கார்டைப் பிடுங்கவில்லை.

கேள்வி: என் பேரன் வீட்டுக்குள் ஓடி விளையாடுவதை எடுத்தால் படம் கலங்கலாக வருகிறது. எனக்கும் கை கொஞ்சம் நடுங்கும். கோளாறு கேமராவிலா, என்னிடமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர்க் கடிகாரம், நாற்காலி, பையன் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை அசைவு. கடிகாரம் தெளிவாக இருந்து பையன் மட்டும் கலங்கியிருந்தால் அவன் ஓடியதால் வந்தது. பையன் அசையாமல் நின்றபோதும் அவன் மங்கலாகி, பின்னாலிருக்கும் கடிகாரம் தெளிவாக வந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பலர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு புதுக் கேமரா வாங்கிவிடுகிறார்கள்.

கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 50 மி.மீ. என்றால் ஷட்டர் 1/50 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது, 200 மி.மீ. என்றால் 1/200. ஒளியைப் பதியும் சென்சார் சிறியதாக (ஏபிஎஸ்-சி அளவில்) உள்ள கேமராவில் ஒன்றரை மடங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும், அதாவது 50 மி.மீ.க்கு 1/80. கை நடுங்குகிறவர்கள் அதிலும் இரண்டு மடங்கு வேகம் வைப்பது நல்லது. லென்ஸிலோ கேமராவிலோ ஸ்டெபிலைசேஷன் இருந்தால் கை நடுக்கத்தை அது பெரிதும் சரிசெய்துவிடும். ஆனால் பேரனை அதனால் நிறுத்த முடியாது!

அவனுக்கு ஷட்டர்தான் வேண்டும். நடந்தால் 1/250, ஓடினால் 1/500 அல்லது அதற்கு மேல். ‘எஸ்’ மோடில் (கேனனில் ‘டிவி’) இதை நேரடியாக வைக்கலாம். வீட்டுக்குள் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது, கேமரா ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 3200, 6400 என்று ஏற்றும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். வரட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், இழுபட்ட முகத்தை எந்தச் சாஃப்ட்வேரிலும் முழுதாக மீட்க முடியாது. ஐ.எஸ்.ஓ. 100-ஐத் தாண்டவே கூடாது என்று யாரோ ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஃபோகஸுக்கு, நகரும் ஆளைத் தொடர்ந்து பின்பற்றும் ஏஎஃப்-சி முறையைத் தேர்ந்தெடுங்கள். கேனனில் அதன் பெயர் சர்வோ. பையன் குதிக்கிறவன் என்றால் உச்சிக்குப் போய் இறங்கத் திரும்பும் கணத்தைப் பிடியுங்கள். அங்கே உடல் ஒரு நொடித்துளி கிட்டத்தட்ட நின்றுவிடுவதால் 1/125 கூடப் போதும். விளையாட்டையே ஜன்னல் பக்கம் நகர்த்த முடிந்தால் மேலே சொன்ன கஷ்டங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்புறம், முழங்கால் இடம் கொடுத்தால் தரையில் உட்கார்ந்து அவன் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும்.

கேள்வி: சில வாரங்களாக என் போனில் எடுக்கும் படமெல்லாம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கிறது. விளக்குகளிலிருந்து நீளமாகக் கோடு கோடாக ஒளி வருகிறது. கேமரா போய்விட்டதா? – இல்லத்தரசி

பதில்: லென்ஸைத் துடையுங்கள். மெத்தென்ற, சுத்தமான துணியால். விரல் ரேகைதான்.

கேள்வி: அண்ணன் போனில் 108 மெகாபிக்ஸல். எனக்கு வாங்கிக்கொடுத்த கேமராவில் 24தான். தினமும் வம்பிழுக்கிறான். என்ன பதில் சொல்வது? – பள்ளி மாணவன்

பதில்: கணக்கு கேள். 4 x 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1200 x 1800, அதாவது 21,60,000 புள்ளிகள் போதும். சுமார் 2 மெகாபிக்ஸல். ஏ4 அளவுக்குக் கிட்டத்தட்ட 9. 4கே டிவி திரையில் மொத்தமே 8.3 மெகாபிக்ஸல்தான். 108 என்று போட்ட போன்கள் வழக்கமாக ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்ஸல் படமாகத்தான் சேமிக்கின்றன. உன் கேமராவின் சென்சார் பரப்பளவில் அந்தப் போனுடையதைவிடப் பல மடங்கு பெரியது. மங்கிய வெளிச்சத்தில் அது தெரியும்.

இன்னொன்றும் சொல். 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது 0.01 மெகாபிக்ஸல். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னபிறகும் அண்ணன் வம்பிழுத்தால், அவனை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொடு. வாய் மூடிவிடும்.

கேள்வி: போனில் என்னை யார் எடுத்தாலும் மூக்கு பெரிதாகவும் காது இல்லாததுபோலவும் வருகிறது. கண்ணாடியில் அப்படி இல்லையே? – அலுவலக ஊழியர்

பதில்: உங்கள் மூக்கில் குறையில்லை. எடுக்கிறவர் மிக அருகில் நிற்கிறார். அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, லென்ஸுக்கு மூக்கு அருகிலும் காது கணிசமாகத் தள்ளியும் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் அந்த வித்தியாசம் பொருட்டே இல்லாமல் போகும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். ஸூம் அந்தத் தூரத்திலிருந்து சட்டத்தை நிரப்ப மட்டும் உதவுகிறது. எனவே எடுப்பவரை இரண்டு மீட்டர் பின்னால் போகச் சொல்லி, 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். போனில் அதற்கெனத் தனி லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் போய் எடுத்து வெட்டிக்கொள்ளலாம்.

அப்படியே ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், தலைக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு. மேலிருந்து விழும் விளக்கு கண்குழிகளில் நிழல் போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் நோயாளியாக்கிவிடும்.

கேள்வி: பௌர்ணமி நிலா கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. எடுத்தால் வெள்ளைப் பொட்டாக வருகிறது. ஏன்? – வாசகர்

பதில்: இரண்டு காரணங்கள். வெள்ளை ஆவது மீட்டரின் பழைய வேலை. சட்டத்தில் பெரும்பகுதி கறுத்த வானம். அதைச் சாம்பலாக்க நினைத்து கேமரா வெளிச்சத்தை வாரி விடுகிறது, நிலா வெந்துபோகிறது. நமக்குத்தான் ராத்திரி. நிலாவின் மேல் அடிப்பது நல்ல வெயில்! முழுநிலாவுக்கு எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 என்று வைத்து ஆரம்பியுங்கள். போனில் என்றால் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள், கறைகள் தெரியும்வரை.

பொட்டாவது அளவுக் கணக்கு. லென்ஸின் மி.மீ.யை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் வரும். 50 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ. கூட இல்லை. 500 மி.மீ. என்றால் நாலரை மி.மீ. பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் நிலாவைத் தனியாக எடுப்பதை விட்டுவிட்டு, அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு மரத்தோடோ கூரையோடோ சேர்த்து எடுக்கலாம்.

கேள்வி: அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து ஃப்ளாஷ் போட்டு எடுத்தும் மேடை இருட்டாகவே வருகிறதே? – நாடக ரசிகர்

பதில்: தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷ் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். 2 மீட்டரில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 20 மீட்டரில் கிடைக்கும். நீங்கள் வெளிச்சம் போட்டது முன்வரிசைக்காரர்களின் பின்மண்டைக்கு. ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், நடிகர்களும் நிம்மதியடைவார்கள். மேடையில் விளக்கு இருக்கிறது; பின்னணி கறுப்பாக இருந்தால் -1 வைத்து எடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்தால் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். வொயிட் பேலன்ஸை மாற்றினாலும் ஒரு பக்கம்தான் சரியாகிறது. – வாசகி

பதில்: ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் குண்டு பல்பு அல்லது மஞ்சள் எல்இடி, சரியா? வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், அந்தப் பல்பு 2700 முதல் 3000. கேமராவால் ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளையென்று நம்ப முடியும். ஒன்றை அணையுங்கள் அல்லது திரையை இழுத்து மூடுங்கள். சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழுவது வேறு நோய், விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: ரா ஃபைலில் எடுக்க வேண்டுமா, ஜேபெக் போதுமா? – வாசகர்

பதில்: ரா என்பது சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கும் ஃபைல், ஜேபெக் கேமராவே சமைத்துச் சுருக்கிய படம். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளை வைத்துக்கொள்ளும். 14 பிட் ரா 16,384. நிழல்களைத் தூக்கவும் நிறத்தைத் திருத்தவும் ராவில் இடம் அதிகம். ஆனால் முதல் சில மாதங்களுக்கு ஜேபெக்கிலேயே இருங்கள் என்பது என் பிடிவாதம். ‘அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்’ என்ற நினைப்பு வந்துவிட்டால் எடுக்கும்போது யாரும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சி என்றால் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக வெந்து வெள்ளையான மேகத்தை ராவாலும் திருப்பித் தர முடியாது. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

கேள்வி: அவசரம்! தெரியாமல் மெமரி கார்டில் எல்லாப் படங்களையும் அழித்துவிட்டேன். – கையெழுத்தில்லாத கடிதம்

பதில்: அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். அழிக்கும்போது பெரும்பாலும் படங்களின் பட்டியல்தான் நீங்குகிறது, தரவு அதன்மேல் வேறொன்று பதியும்வரை கார்டிலேயே இருக்கும். கார்டு ரீடரில் போட்டு, மீட்பு சாஃப்ட்வேர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். கிடைத்தவற்றை அதே கார்டில் சேமித்துவிடாமல் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வைத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.