எத்தியோப்பிய உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறீர்களா? சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் தடவை நான் செய்த காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில். வாஷிங்டனை ஒட்டிய ஊர். 1974இல் பேரரசர் ஹெய்லி செலாசியை இறக்கிவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தியோப்பியாவை விட்டுக் கிளம்பியவர்களில் நிறையப் பேர் வாஷிங்டனுக்குத்தான் வந்தார்கள். முதலில் நகரத்துக்குள்ளேயே கடை போட்டார்கள். வாடகை ஏற ஏற, பலர் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இப்போது சில்வர் ஸ்பிரிங்கில் நாலு தெரு நடந்தால் ஒரு எத்தியோப்பியக் கடையாவது கண்ணில் படும்.

நான் போவது துணி துவைக்கும் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழு மேசை உணவகம். முன்பாதி மளிகைக்கடை மாதிரி இருக்கும்: பெர்பெரே மசாலா, பச்சைக் காப்பிக்கொட்டை, பிளாஸ்டிக் பையில் மடித்துவைத்த இஞ்சேரா என்கிற தோசை மாதிரிப் பண்டம். சாயங்காலம் டாக்சி ஓட்டுகிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. சமையலும் அவர்தான், கல்லாவும் அவர்தான்.

முதல் நாள் வந்தது ஒரு பெரிய வட்டத் தட்டு. தட்டு முழுக்க இஞ்சேராவை விரித்து, அதன்மேல் குவியல் குவியலாகக் கறிகள். தனியாக ஒரு கூடையில் சுருட்டிவைத்த இஞ்சேரா வேறு. நமக்குத்தான் இலையில் சாப்பிட்டுப் பழக்கமாயிற்றே! அடியில் விரித்திருந்ததை இலைக்குப் பதில் என்றே எடுத்துக்கொண்டேன். சுருட்டி வந்ததைப் பிய்த்து, தொட்டு, வழித்துச் சாப்பிட்டேன். கடைசியில் அடியில் இருந்ததைப் பாதியாக, என் பக்கம் பார்த்து, மரியாதையாக மடித்துவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் அந்தம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "ஏன், பிடிக்கவில்லையா?" என்றார். எங்கள் ஊரில் சாப்பிட்டு முடித்தால் இலையை இப்படித்தான் மடிப்போம் என்று விளக்கினேன். சமையல்கட்டில் இருந்த பையனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் மடித்ததைப் பிரித்து, பருப்பு இருந்த இடத்தில் ஒரு துண்டு பிய்த்து நீட்டினார். "எல்லா ருசியும் இங்கேதானே இறங்கியிருக்கு!"

உண்மைதான். மிளகாயும் எண்ணெயும் கீரைத் தண்ணீரும் ஊறி ஊறி, புளிப்பு அடங்கி, அந்த அடி இஞ்சேரா வேறு ஒரு பண்டமாகவே ஆகியிருந்தது. இப்போதெல்லாம் மேலே இருப்பதைக் கொஞ்சம் வேகமாகவே முடித்துவிட்டு அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

இஞ்சேரா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டெஃப் என்று ஒரு தானியம். கேழ்வரகை விடவும் பொடிசு. அதன் மாவை மூன்று நாலு நாள் புளிக்கவைத்து, மிதாத் என்ற பெரிய வட்டக் கல்லில் சுற்றி ஊற்றி மூடிவைப்பார்கள். மேலே முழுக்கக் கண் கண்ணாக வரும். திருப்பிப் போடுவதே கிடையாது. ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள். முதல் வாய்க்கு, நாலாம் நாள் மாவில் ஊற்றிய தோசை ஆறிப்போன மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாய்க்குள் பழகிவிடும்.

சரி, சைவத்துக்கு வருகிறேன். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் நோன்பு இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர்ச்சியாக வேறு. நோன்பு நாளில் இறைச்சி, முட்டை, பால், நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் இப்படியே போகிறது. அதனால் அவர்களுடைய சைவச் சமையல், அசைவத்திலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டு ஒப்பேற்றுகிற சமையல் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைப்பக்குவம் ஏறியது.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "யெட்ஸோம்". நோன்புக்கானது என்று பொருள். "யெட்ஸோம் பெயாய்நெத்து" என்று கேட்டால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்த தட்டு வரும். அதில் மிசிர் வொத் என்ற சிவப்பு மசூர்ப் பருப்பு கட்டாயம் இருக்கும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமலே நெடுநேரம் கிளறி, அது கூழாகக் குழைந்த பிறகுதான் எண்ணெயும் பெர்பெரேயும் சேர்ப்பார்கள். பெர்பெரேயில் மிளகாயோடு வெந்தயம், ஓமம், இஞ்சி, பூண்டு எல்லாம் உண்டு. நம் நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கூடவே மஞ்சள் போட்ட காரமில்லாத பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ். ஷிரோ என்று கொண்டைக்கடலை மாவில் செய்கிற குழம்பு ஒன்று உண்டு, அதைத் தனியாகவாவது கேட்டு வாங்குங்கள். ஆனால் நோன்பில்லாத நாளில் சில இடங்களில் அதில் மசாலா நெய் சேர்ப்பார்கள். பால் பொருள் ஆகாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கை. வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்களுக்கு அங்கே அனேகமாக ஒன்றுமே இல்லை. அப்புறம், அசைவம் சாப்பிடுகிற நண்பர்களோடு போனால் எல்லாருடையதையும் ஒரே தட்டில் கொட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி நெய்யில் பிசைந்த கிட்ஃபோ உங்கள் கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தனித்தட்டு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் விசாரிக்க வேண்டும். டெஃப் விலை அதிகம் என்பதால் இங்கே பல கடைகளில் கோதுமையோ பார்லியோ கலந்துதான் ஊற்றுகிறார்கள். முழு டெஃப் இஞ்சேரா வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னால் சொல்லிவைக்கச் சொன்னார் கடைக்கார அம்மா.

போன வருஷம் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். எச்சில் பத்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். ஒரே தட்டில் நானும் என் மனைவியும் கைவைப்பதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அந்தம்மா வந்து, இஞ்சேராவில் பருப்பைச் சுருட்டி அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். குர்ஷா என்பார்கள். பிரியமானவர்களுக்கும் விருந்தாளிக்கும் ஊட்டிவிடுவது. வாங்காமல் இருந்தால் மனம் வருத்தப்படும். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். ஒன்றோடு விடவில்லை, இரண்டாவதும் வந்தது, முன்னதை விடப் பெரிதாக.

மென்று முடித்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மாவுக்கு உறை என்ன ஊத்துதான்னு கேளுடா." கேட்டேன். புளித்த மாவின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீரை எடுத்துவைத்து அடுத்த மாவில் விடுவார்களாம். அதன் பெயர் எர்ஷோ. "உறைமோர் மாதிரின்னு சொல்லு" என்று அம்மா எனக்கே விளக்கினாள். அதற்குமேல் நான் தேவைப்படவில்லை. குளிர்காலத்தில் மாவு பொங்காத கஷ்டத்தை இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்குக் காப்பியும் ஆயிற்று. நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள், முக்கால் மணியாவது ஆகும். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரில் வறுத்து, புகையை முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, இடித்து, ஜெபனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். பக்கத்தில் சாம்பிராணியும் சோளப்பொரியும். அதே தூளில் மூன்று சுற்று. அம்மா மூன்றையும் குடித்துவிட்டு, இராத்திரி இரண்டு மணி வரை விழித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கிலோ டெஃப் மாவு வாங்கிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து போன். "இங்க வெயிலுக்கு ஒன்றரை நாள்லயே பொங்கிட்டு. கண்ணு கண்ணா நல்லாத்தான் வந்துச்சு" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "ஆனா கை சும்மா இருக்கலடா, திருப்பிப் போட்டுட்டேன்."