8 மாதக் குழந்தை, கீழே விட்டாலே அழுகிறது. தனியாக விளையாட எப்படிப் பழக்குவது?

இந்த வயதில் அம்மா கண்ணில் படாவிட்டால் பயம் வருவது இயல்புதான். அதனால் "தனியாக" என்பதை "பக்கத்தில் நாம் இருக்க, தானாக" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தூங்கி எழுந்து, பால் குடித்து, ஈரத்துணி மாற்றிய பிறகான நேரமே சரி. சென்னை வெயிலில் மதியம் வேண்டாம். புழுக்கத்தில் எந்தக் குழந்தையும் சிணுங்கும். காலையில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, மூன்றே பொருள் வையுங்கள்: எவர்சில்வர் டம்ளர், மழமழப்பான மரக்கரண்டி, பருத்தித் துணி. பத்துப் பொம்மையைக் கொட்டினால் எதிலும் மனம் நிற்காது. மூன்று நாளுக்கொரு முறை மாற்றுங்கள். சொப்புச் சாமான் இப்போது வேண்டவே வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். 4 செ.மீ.க்குக் குறைவான எதுவும் ஆபத்து.

ஓரடி தள்ளி உட்காருங்கள். பெரும்பாலும் ஆட்டத்தைக் கலைப்பது நாம்தான்: குழந்தை டம்ளரை உருட்டிப் பார்க்கும்போது "அட சமத்து!" என்று கூப்பிட்டால் கவனம் நம் பக்கம் திரும்பிவிடும். பேசாமல் இருங்கள்; அது நிமிர்ந்து பார்த்தால் மட்டும் சிரியுங்கள். முதலில் 3 நிமிடம் போதும். சிணுங்கினால் குரல் கொடுங்கள், அழுதால் தூக்கிவிடுங்கள். டிவி, செல்போன் இரண்டும் அணைந்திருக்கட்டும்.